ஆசிரியர் இல்லாத மேசை

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 'மேஜிக்: த கேதரிங்' என்ற மாயாஜாலக் கார்டு விளையாட்டை உருவாக்கிவந்த நாட்களில், அச்சுக்குப் போகும் முன் தெரிந்தவர்களிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்ன கார்டுகளில் ஒன்று மிக எளிய எண்ணத்தைக் கொண்டது: எதிராளி ஆடவேண்டிய அடுத்த முறை அவருக்குக் கிடையாது. அதை ஆங்கிலத்தில் 'ஆப்போனன்ட் லூஸஸ் நெக்ஸ்ட் டர்ன்' என்று நான்கே சொற்களில் எழுதியிருந்தார். அந்த மொழியில் இழப்பதற்கும் தோற்பதற்கும் ஒரே வினைதான். ஆடிப் பார்த்த ஒருவர், தன் கையில் இருப்பது யாராலும் தடுக்க முடியாத வெற்றி என்று எடுத்துக்கொண்டார். அடுத்த முறையில் எதிராளி ஆட்டத்தையே தோற்கிறார் என்று அவர் படித்திருந்தார். 1993 ஆகஸ்டில் விளையாட்டு கடைக்கு வந்தபோது அந்தக் கார்டுக்கு 'டைம் வாக்' என்று பெயர். இந்த முறை முடிந்ததும் இன்னொரு முறை ஆடவும் என்ற பொருளில் வாசகம் மாறியிருந்தது. இந்தச் சம்பவத்தை விளையாட்டு உலகில் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். ஆனால் அந்த ஆட்டக்காரர் எதையும் தவறாகப் படிக்கவில்லை. எழுதியிருந்ததைப் படித்தார். கார்ஃபீல்ட் மனத்தில் ஒரு கார்டு இருந்தது, தாளில் வேறொரு கார்டு இருந்தது, மேசைக்கு வந்தது தாளில் இருந்ததுதான்.

மாயாஜாலக் கார்டு விளையாட்டுகளுக்குச் சொந்தமாகக் கார்டு உருவாக்குகிறவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். விற்பதற்காக அல்ல, நண்பர்களோடு ஆடவும், தங்களைப் போன்றவர்களிடம் காட்டவும் செய்கிறார்கள். 'மேஜிக் செட் எடிட்டர்' போன்ற மென்பொருளில் அச்சு அசல் கார்டின் சட்டகமே கிடைக்கிறது. பெரும்பாலானவர்கள் வேலை செய்யும் வரிசை ஒன்றுதான்: முதலில் ஒரு பாத்திரம், பிறகு பெயர், படம், அது செய்யவேண்டிய அற்புதம்; கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு, வாசகத்தைச் சரிபார்ப்பது. வீடு கட்டி முடித்துச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்ற கடைசி வேலையாக வாசகம் நடத்தப்படுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் எண்ணம். வாசகத்தை எழுதும்போதுதான் கார்டு உருவாகிறது. அதற்கு முன் இருப்பது கார்டைப் பற்றிய ஆசை மட்டுமே.

ஏன் அப்படி என்பதற்கு இந்த விளையாட்டின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. சதுரங்கத்தில் குதிரை எப்படித் தாவும் என்பது குதிரையின் உடம்பில் எழுதப்பட்டிருப்பதில்லை. விதி ஓரிடத்தில், காய் ஓரிடத்தில். மேஜிக்கில் விதி காய்க்குள்ளேயே இருக்கிறது. 250 பக்கங்களைத் தாண்டிய முழு விதிநூல் ஒன்று உண்டு. ஆனால் அதன் தொடக்கத்திலேயே, ஒரு கார்டின் வாசகமும் விதிநூலும் முரண்பட்டால் கார்டு சொல்வதே செல்லும் என்று எழுதியிருக்கிறது. அடுத்த விதி, ஒன்று 'முடியும்' என்றும் மற்றொன்று 'முடியாது' என்றும் சொன்னால் முடியாது என்பதே வெல்லும் என்கிறது. ஆக, ஒவ்வொரு புதிய கார்டும் நடப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்தம். இதுவரை 25,000-த்துக்கும் மேற்பட்ட தனித்தனிக் கார்டுகள் வந்துவிட்டன. வீட்டில் ஒருவர் உருவாக்கும் கார்டும் அந்தக் கூட்டத்துக்குள் போய்த்தான் நிற்க வேண்டும். அதை எழுதியவர் சந்திக்காத கார்டுகளோடு அது மோதும். சூத்திரத்துக்கு நன்னூல் சொல்லும் இலக்கணத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை: எழுத்து சிலவாகவும் பொருள் பலவாகவும் இருக்க வேண்டும், கண்ணாடியில் தெரிவதுபோல் தெளிவாகவும் இருக்க வேண்டும். நம் சூத்திரங்களுக்கு உரையாசிரியர்கள் வாய்த்தார்கள். கார்டின் வாசகப் பெட்டி உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதை ஆடும் இருவருக்கும் நடுவில் உரையாசிரியர் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

தொழில்முறை நிறுவனத்துக்கே இதில் எப்படிச் சறுக்கும் என்பதற்கு 2017-இல் வந்த 'இக்ஸலான்' தொகுப்பின் 'ஹாஸ்டேஜ் டேக்கர்' நல்ல சான்று. அது ஒரு கடற்கொள்ளையர். களத்துக்கு வரும்போது ஓர் உயிரியையோ கருவியையோ பிணைக்கைதியாகப் பிடித்துக்கொண்டு போகும்; கொள்ளையர் களத்தைவிட்டு நீங்கும்வரை அது திரும்பாது; அதற்குள் பிடித்தவரே அந்தக் கைதியைத் தன் பக்கம் இறக்கிக்கொள்ளலாம். நல்ல கதை, நல்ல கார்டு. அச்சிட்ட வாசகத்தில் ஒரு சொல் விடுபட்டுவிட்டது: 'அனதர்', அதாவது 'வேறொரு'. களத்தில் வேறு எந்த உயிரியும் கருவியும் இல்லாதபோது இந்தக் கொள்ளையரை இறக்கினால் என்ன ஆகும்? பிடிப்பது கட்டாயம், பிடிக்கத் தகுந்தது தான் ஒருவரே. ஆகவே தன்னையே பிடித்துக்கொள்கிறார். பிடித்த கணமே களத்தைவிட்டு நீங்குகிறார். நீங்கியதால் கைதி விடுதலையாகிறார். விடுதலையானவர் மீண்டும் களத்துக்கு வருகிறார். வந்ததும் மறுபடி பிடிக்க வேண்டும். யாரும் நிறுத்த முடியாத கட்டாயச் சுழல் ஏற்பட்டால் ஆட்டம் சமன் என்பது விதி. ஒரு கடற்கொள்ளையரை இறக்கியதால் ஆட்டமே முடிந்துபோகும். கார்டு வெளிவரும்போதே, அந்தச் சொல் இருப்பதாகக் கொண்டு ஆடவும் என்று திருத்தம் அறிவிக்க வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும், பத்தாண்டுகளுக்கு முன் 2007-இல் வெளியான 'ஒப்லிவியன் ரிங்' என்ற கார்டில் இதே வகைச் செயலுக்கு 'வேறொரு' என்ற சொல் சரியாகவே போடப்பட்டிருந்தது.

அந்த ஒப்லிவியன் ரிங்கிலும் வேறோர் ஓட்டை இருந்தது. அதன் வாசகம் இரண்டு வாக்கியங்களால் ஆனது. மோதிரம் களத்துக்கு வரும்போது வேறொரு பொருளை நாடுகடத்தவும் (ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கிவைக்கவும்) என்பது முதல் வாக்கியம். மோதிரம் களத்தைவிட்டு நீங்கும்போது நாடுகடத்திய கார்டைத் திருப்பித் தரவும் என்பது இரண்டாவது. இரண்டும் தனித்தனி நிகழ்வுகள். ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. முதல் வாக்கியம் நடந்து முடியும் முன்பே மோதிரத்தைக் களத்திலிருந்து யாராவது அகற்றிவிட்டால், இரண்டாம் வாக்கியம் முந்திக்கொள்ளும். திருப்பித் தர அப்போது எதுவும் இருக்காது. அதன்பின் முதல் வாக்கியம் நடந்து அந்தப் பொருளை நாடுகடத்தும். அதைத் திருப்பித் தரச் சொல்ல இனி யாரும் இல்லை. விவரம் அறிந்த ஆட்டக்காரர்கள் தங்கள் மோதிரத்தைத் தாங்களே அகற்றி இந்த வழியைப் பயன்படுத்தினார்கள். 2013-இலிருந்து, 2014-இல் வந்த 'பேனிஷிங் லைட்' உட்பட, இவ்வகைப் புதிய கார்டுகளில் நிறுவனம் வாசகத்தை மாற்றியது: இது களத்தைவிட்டு நீங்கும்வரை அதை நாடுகடத்தவும் என்று ஒரே வாக்கியம். இரண்டு நிகழ்வு ஒரு கால அளவாகிவிட்டது. நாடுகடத்தல் நடக்கும் முன்பே பேனிஷிங் லைட் களத்தைவிட்டுப் போயிருந்தால் நாடுகடத்தலே இல்லை. படம் வேறு, பெயர் வேறு என்றாலும் இரண்டுக்கும் எண்ணம் ஒன்றேதான். ஆனால் ஆடும் மேசையில் அவை இரு வேறு கார்டுகள். எண்ணம் மாறாமல் வாசகம் மட்டும் மாறியதால் கார்டு மாறியிருக்கிறது என்றால், எண்ணத்தைக் கார்டு என்று அழைப்பது எப்படிச் சரியாகும்?

வீட்டில் உட்கார்ந்து உருவாக்குகிற ஒருவரின் வேலையை அருகில் போய்ப் பார்க்கலாம். இறந்தவர்களை ஆற்றின் மறுகரையிலிருந்து கூலி வாங்கிக்கொண்டு திரும்ப அழைத்துவரும் படகோட்டி என்று ஒரு பாத்திரம் வைத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'படகோட்டி வரும்போது ஓர் உயிரியைத் திரும்பக் கொண்டுவரவும்.' எங்கிருந்து என்று இல்லை. மேஜிக்கில் 'உயிரி' என்று மட்டும் எழுதினால் களத்தில் நிற்பதையே அது குறிக்கும். இடுகாட்டில் கிடப்பதை 'உயிரிக் கார்டு' என்றுதான் சொல்ல வேண்டும். இப்போதைய வாசகப்படி இந்தப் படகோட்டி இறந்தவர் யாரையும் தொடவே முடியாது. எங்கே கொண்டுவருவது, கைக்கா களத்துக்கா என்றும் இல்லை. யாருடைய இடுகாடு என்றும் இல்லை. இவற்றை நிரப்பிவிடலாம், நிரப்பும்போது எழும் அடுத்த கேள்வியில்தான் வேலை தொடங்குகிறது. 'இலக்கு' என்ற சொல்லைச் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்த்தால், திறன் தூண்டப்பட்டு வரிசையில் ஏறும்போதே, யாரை அழைத்துவரப் போகிறோம் என்பதை அறிவித்தாக வேண்டும். எதிராளிக்கு இடையில் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. அந்த ஒரு பிணத்தை இடுகாட்டிலிருந்து அகற்றிவிட்டால் படகு வெறுமையாகத் திரும்பும். சேர்க்காவிட்டால், படகு கரை சேரும் கணத்தில்தான் யார் வருகிறார் என்பது தெரியும். எதிராளி தடுக்க நினைத்தால் முழு இடுகாட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும். ஒருவர் பயணியின் பெயரை உரக்கக் கூவி அழைக்கும் படகோட்டி, இன்னொருவர் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வருகிறவர். எழுதியவர் இதில் எவரை மனத்தில் வைத்திருந்தார்? இந்தச் சொல்லுக்கு முன் வந்து நிற்கும்வரை அவருக்கே தெரிந்திருக்காது.

கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். படகோட்டிக்கு இரண்டு உயிர்ப் புள்ளி கொடுக்க வேண்டும். 'படகோட்டி களத்துக்கு வரும்போது நீங்கள் 2 புள்ளி செலுத்தலாம். செலுத்தினால் ஓர் உயிரிக் கார்டைக் கைக்கு எடுக்கவும்' என்று எழுதினால், பயணம் நடந்தேறும் வேளையில்தான் கூலி கேட்கப்படுகிறது. வழியில் ஏதாவது தடங்கல் வந்து திறன் தடைபட்டால் புள்ளி போகாது. மாறாக, '2 புள்ளி செலுத்தவும்' என்பதை முக்காற்புள்ளிக்கு முன்னால் வைத்து, எடுப்பதைப் பின்னால் வைத்தால் அது முன்கட்டணம். பயணி வந்தாலும் வராவிட்டாலும் கட்டியது கட்டியதுதான். அதோடு இன்னொன்றும் நடந்துவிடுகிறது: முக்காற்புள்ளி வந்த கணத்தில் இது வருகையின்போது ஒருமுறை நடக்கும் திறனாக இல்லாமல், விரும்பும்போதெல்லாம் இயக்கக்கூடிய திறனாகிவிடுகிறது. 'படகோட்டியைத் திருப்பி வைக்கவும்' என்று இன்னொரு கட்டணத்தையும் அதே பக்கம் சேர்த்தால் முறைக்கு ஒரு பயணம்; சேர்க்காவிட்டால் உயிர்ப் புள்ளி தீரும்வரை இடுகாடு முழுவதும் ஒரே மூச்சில் கைக்கு வந்துவிடும். ஒரு நிறுத்தற்குறியின் இடம் மாறியதில் சாதாரணத் துணைக் கார்டு ஆட்டத்தையே விழுங்கும் பூதமாகிறது. எனக்கு இந்தக் கலையில் மிகப் பிடித்த இடம் இதுதான். கற்பனை முடிந்து இலக்கணம் தொடங்கும் எல்லை என்று எதையும் இங்கே காட்ட முடியாது. படகோட்டி நேர்மையானவரா, பேராசைக்காரரா, களைப்படைபவரா என்ற பாத்திரப் படைப்பு முழுவதும் அந்த முக்காற்புள்ளியின் இரு புறமும் நடக்கிறது.

சில சமயம் வாக்கியம் எவ்வளவு முயன்றாலும் வசப்படாது. அப்போது வாக்கியம் நமக்கு ஏதோ சொல்ல வருகிறது என்று பொருள். முதல் தொகுப்பிலேயே இருந்த 'அனிமேட் டெட்' இதற்குப் புகழ்பெற்றது. பிணத்தை எழுப்பு என்பது குழந்தைக்கும் புரியும் எண்ணம். ஆனால் கார்ஃபீல்ட் அதை உயிரியோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் மந்திரமாக வடிவமைத்தார். இடுகாட்டில் கிடக்கும் கார்டோடு ஒட்டி, அதைக் களத்துக்குக் கொண்டுவந்து, பிறகு களத்தில் நிற்கும் அதே உயிரியோடு மறுபடி ஒட்ட வேண்டும். விதிகளின்படி அந்த இரண்டும் வேறு வேறு பொருள்கள். இன்று அந்தக் கார்டின் அதிகாரப்பூர்வ வாசகம், தன் பழைய ஒட்டும் திறனை இழந்து புதிய ஒட்டும் திறனைப் பெறுகிறது என்றெல்லாம் நீண்டு, முதல்முறை படிக்கிறவரைத் திணறடிக்கும். 1997-இல் வந்த 'ரீஅனிமேட்' அதே எண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒட்டுதலைக் கைவிட்டது: இடுகாட்டில் உள்ள ஓர் உயிரிக் கார்டை உங்கள் பக்கம் களத்தில் இறக்கவும், அதன் மானா மதிப்பு (அதை ஆட ஆகும் செலவு) எவ்வளவோ அவ்வளவு உயிர்ப் புள்ளியை இழக்கவும். இரண்டே செய்தி. எழுப்பும் பிணம் பெரிதாக ஆக, எழுப்புகிறவரின் ரத்தம் அதிகமாகப் போகிறது. எளிமையான வாசகம் கதையையும் ஆழமாக்கியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சொந்தக் கார்டு உருவாக்குகிறவர்கள் வாக்கியம் சிக்கும்போது இன்னொரு நிபந்தனை, இன்னொரு விலக்கு என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். சேர்ப்பதை நிறுத்திவிட்டு, எண்ணத்தில் எந்தப் பகுதி தேவையற்றது என்று பார்க்கும் இடம் அது.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் இந்த இலக்கணம் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 'யூ-கி-ஓ' என்ற கார்டு விளையாட்டில், விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற வகைத் திறன் 'வென்' என்று தொடங்கினால், அந்த நிகழ்வு கடைசியாக நடந்ததாக இருந்தால்தான் வாய்ப்பு உண்டு. அதன் பின்னால் வேறெதுவும் நடந்துவிட்டால் போயிற்று. 'இஃப்' என்று தொடங்கினால் அந்தக் கெடு இல்லை. 'பீட்டன் த டார்க் க்ளௌன்' என்ற கோமாளி, இடுகாட்டுக்குப் போகும்போது தன்னைப் போன்ற இன்னொருவரைக் களத்துக்கு அழைக்கலாம். ஆனால் பெரிய அரக்கன் ஒன்றை வரவழைக்க அந்தக் கோமாளியைப் பலியிட்டால், கடைசியாக நடந்தது அரக்கனின் வருகை. கோமாளிக்கு வாய்ப்பு தவறிவிடும். ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் இதை வாதாடி வாதாடித்தான் கற்றார்கள். 2011-இல் அதை வெளியிடும் கொனாமி நிறுவனம் வாசகமுறையையே ஒழுங்குபடுத்தியது. முக்காற்புள்ளிக்கு முன்னால் நிபந்தனை, அரைப்புள்ளிக்கு முன்னால் கட்டணமும் இலக்கும், அதன் பின்னால் விளைவு. கார்டு எப்போது தூண்டப்படுகிறது, எதைக் கொடுக்க வேண்டும், என்ன கிடைக்கும் என்பதைக் குறிகளைப் பார்த்தே பிரித்துவிடலாம். மேஜிக்கில் 'வென்' என்ற சொல்லுக்கு இப்படியொரு கெடு கிடையாது. ஒரு விளையாட்டின் வாசகத்தை இன்னொன்றில் அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் தாங்கள் நினைக்காத கார்டைத்தான் செய்துமுடிக்கிறார்கள்.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் நான் மதிப்பது, இப்படிச் சட்ட நடையில் எழுதினால் மாயம் செத்துவிடும் என்பது. இதை லேசாகத் தள்ள முடியாது. முதல் தொகுப்பின் வாசகங்களில் ஒரு பேச்சுநடை இருந்தது, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல. இன்றைய வாசகங்களில் அது இல்லை. ஆனால் மாயம் எங்கே குடியிருக்கிறது என்று கேட்க வேண்டும். கார்டில் பெயருக்கு இடம் உண்டு, படத்துக்கு இடம் உண்டு, விதி வாசகத்துக்குக் கீழே சாய்ந்த எழுத்தில் எந்த விளைவும் இல்லாத கதைவரிக்கும் இடம் உண்டு. அலங்காரம் விரும்புகிறவர்கள் அங்கே தாராளமாக எழுதலாம். விதி வாசகத்துக்குள் அலங்காரம் நுழையும்போது ஆட்டக்காரர் எது கதை, எது கட்டளை என்று பிரிக்க முடியாமல் நிற்கிறார். 'பகைவனின் உள்ளத்தைச் சிதைத்து அவன் நினைவுகளைக் காற்றில் கலக்கவும்' என்று விதிப் பெட்டியில் எழுதினால், எத்தனை கார்டு, கையிலிருந்தா கார்டுக் கட்டிலிருந்தா, யார் தேர்ந்தெடுப்பது என்று மேசையில் விசாரணை தொடங்கும். அந்த விசாரணையில்தான் மாயம் சாகும். ரீஅனிமேட் காட்டுவதுபோல், வறண்ட இரண்டு வாக்கியங்கள் சரியான இடத்தில் சரியான அளவைச் சொன்னால், ஆட்டக்காரர் அந்தக் கதையைத் தன் கையால் நடத்திப் பார்க்கிறார்.

இன்னொரு எதிர்ப்பு நடைமுறை சார்ந்தது. இது வீட்டு மேசையில் நால்வர் ஆடுவதுதானே, எழுதியவரே பக்கத்தில் இருக்கிறார், சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்பார்கள். சந்தேகம் எப்போது வரும்? ஆட்டத்தின் முடிவு அந்த ஒரு கார்டில் தொங்கும்போது வரும். அப்போது எழுதியவர் ஒரு பக்கத்தில் ஆடிக்கொண்டிருப்பார். சட்டம் இயற்றியவரும் அவரே, வழக்காடுகிறவரும் அவரே, தீர்ப்புச் சொல்கிறவரும் அவரே என்றாகிவிடும். அவர் எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் எதிரே இருப்பவருக்கு அது தோல்விக்கு மேல் ஒரு குறையாகத் தங்கும். தெளிவான வாசகம் நட்புக்குச் செய்யும் மரியாதை. வேறொரு காரணமும் உண்டு, அதை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். நல்ல கார்டு, எழுதியவர் எண்ணிப் பார்க்காத பயன்களைப் பிறருக்குத் தரும். 2019-இல் அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பைடர்மேன், ஆஸ்டின் ஹெரிக் மூவரும், போட்டி விதிகளுக்கு உட்பட்ட ஒரு மேஜிக் கார்டுக் கட்டைக் கொண்டே எந்தக் கணிப்பையும் செய்யக்கூடிய டூரிங் இயந்திரத்தை ஆட்டத்துக்குள் அமைக்க முடியும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் நிறுவினார்கள். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தோடு எழுதப்பட்ட கார்டுகள், ஆட்டக்காரர் விருப்பத்துக்கு இடமே இல்லாத கட்டாய நகர்வுகளாக ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. 'செய்யலாம்' என்ற தளர்வு ஓரிடத்தில் புகுந்தாலும் அந்த இயந்திரம் நின்றுவிடக்கூடும். இதை அந்தக் கார்டுகளை எழுதியவர்கள் திட்டமிடவில்லை. வாசகம் துல்லியமாக இருந்ததால் பிறர் கண்டெடுத்தார்கள். எழுதியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கார்டில் இப்படி எதையும் கண்டெடுக்க முடியாது.

என் வாதத்துக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. முதல் தொகுப்பில் ஐந்து நிறங்களுக்கும் ஒவ்வொரு கார்டு, ஒரு மானா விலையில் ஏதோ ஒன்றை மூன்று என்ற ஒரே அச்சில் செய்யப்பட்டது. சிவப்பு மூன்று சேதம் தரும், கறுப்பு மூன்று மானா தரும், பச்சை ஓர் உயிரிக்கு முறை முடியும்வரை மும்மூன்று வலு தரும், வெள்ளை மூன்று உயிர்ப் புள்ளி தரும் அல்லது மூன்று சேதத்தைத் தடுக்கும், நீலம் மூன்று கார்டு தரும். வாசகத்தில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் நீலத்தின் 'ஏன்செஸ்ட்ரல் ரீகால்' விளையாட்டின் வரலாற்றிலேயே மிக வலிமையான கார்டுகளில் ஒன்றாயிற்று. வெள்ளையின் 'ஹீலிங் சால்வ்' யாரும் தேடாத கார்டாயிற்று. 2004 பிப்ரவரியில் வந்த 'ஸ்கல்க்ளாம்ப்' வாசகத்திலும் தெளிவுக்குக் குறைவில்லை: மாட்டிய உயிரிக்குத் தாக்குதல் ஒன்று கூடும், தாங்குதிறன் ஒன்று குறையும், அது இறந்தால் இரண்டு கார்டு எடுக்கவும். தாங்குதிறனைக் குறைக்கும் அந்த எண் உருவாக்கத்தின் பிற்பகுதியில் மாற்றப்பட்டது. குறைபாடாகத் தெரிந்தது வரமாகிவிட்டது. தாங்குதிறன் ஒன்றே உள்ள உயிரிகளெல்லாம் மாட்டிய உடனே செத்து இரண்டிரண்டு கார்டாக மாறின. அதே ஆண்டு ஜூனில் முக்கியப் போட்டி வடிவத்தில் அதற்குத் தடை வந்தது. தெளிவு மட்டும் நல்ல கார்டைத் தந்துவிடாது. ஆனால் தெளிவாக எழுதிய தவறு ஆடிப் பார்த்தால் வெளியே வந்துவிடும், எண்ணை மாற்றித் திருத்தலாம். மூட்டமாக எழுதிய தவறை ஆடிப் பார்த்தும் பயனில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு கார்டை ஆடியிருப்பார்கள்.

மேஜிக் ஜப்பானியம், கொரியம், சீனம், ரஷ்யம், போர்த்துகீசியம் உட்படப் பல மொழிகளில் அச்சாகியிருக்கிறது, தமிழில் வந்ததில்லை. ஆகவே தமிழில் மாயாஜாலக் கார்டு செய்ய விரும்புகிறவருக்கு யாரும் வகுத்துவைத்த வாசகமுறை கையில் இல்லை. நம் மொழியில் எங்கே வழுக்கும் என்பதை முன்கூட்டியே பார்க்க முடியும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது இயல்பு, அழகும்கூட. கார்டில் அது கூடாது. 'அது இறந்தால் ஒரு கார்டு எடுக்கவும்' என்றால், எடுப்பது கார்டின் சொந்தக்காரரா, அப்போது அதை ஆள்கிறவரா? 'இறந்தால்' என்பதே நிகழ்வையும் நிலையையும் ஒருசேரக் குறிக்கிறது. நிகழ்வுக்கு 'போது', மீண்டும் மீண்டும் நடப்பதற்குப் 'போதெல்லாம்', நிலைக்கு மட்டும் 'ஆல்' என்று பிரித்துவைத்துக்கொண்டால் குழப்பம் பெருமளவு தீரும். 'போதெல்லாம்' போன்ற தெளிவான சொல் நமக்கு வாய்த்திருப்பது கொடுப்பினை. 'செலுத்தி எடுக்கவும்' என்ற வினையெச்சம், செலுத்துவது கட்டணமா விளைவின் பகுதியா என்று காட்டாது. அங்கே முக்காற்புள்ளியைத் தவிர வேறு வழியில்லை. விருப்பத்துக்கு 'எடுக்கலாம்', கட்டாயத்துக்கு 'எடுக்கவும்' என்ற இரண்டையும் ஒருபோதும் மாற்றிப் போடக் கூடாது.

தமிழில் கார்டு செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படம் வரையத் தொடங்கும் முன் களம், இடுகாடு, இலக்கு, முறை, உயிரி, கட்டணம் ஆகியவற்றுக்கு நீங்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி, உங்களைப் போலவே இதைச் செய்யும் மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். பிறகு உங்கள் கார்டை, அதைப் பற்றி எதுவும் கேள்விப்படாத இருவரிடம் கொடுத்து ஆடச் சொல்லிவிட்டு, அவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் நிறுத்திக் கேட்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வரைவை அங்கிருந்து தொடங்குங்கள்.